திரும்பி வராத யோயோ

போன யோயோ திரும்பி வரவே இல்லை.

கொடைக்கானல் ஏரிக்கரையில், சோளக்கதிர் சுடும் வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதை வீசினேன். உலோக யோயோ, கருநீல நிறம். கடையில் இருந்ததிலேயே விலை கூடியது அதுதான். "சின்ன வயசுல அப்பாவுக்கு யோயோ நல்லா வரும்" என்று மகனிடம் ஏற்கெனவே சொல்லித் தொலைத்திருந்தேன். யோயோ அழகாகக் கீழே இறங்கியது. நூலின் நுனியில் நின்று, சத்தமே இல்லாமல் சுழன்றது. கையை வெடுக்கென்று மேலே இழுத்தேன். சுழன்றது. மறுபடி இழுத்தேன். அதுபாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருந்து, கடைசியில் களைத்துப்போய் நின்றது.

ஏழு வயது மகன் குனிந்து அதை உற்றுப் பார்த்தான். "அப்பா, உங்க யோயோ தூங்கிடுச்சுப்பா."

கடைக்காரர் பழுதான சரக்கை என் தலையில் கட்டிவிட்டார் என்று மனத்துக்குள் திட்டினேன். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. யோயோவிலும் கோளாறு இல்லை. அதை வாங்கிய ஆளிடம்தான் கோளாறு.

மகன் தெரியாமல் சொன்ன சொல் சரியான சொல். பம்பரம் ஆடாமல் அலையாமல் நின்ற இடத்திலேயே சுழலும்போது "பம்பரம் தூங்குது" என்போம் இல்லையா? யோயோ ஆட்டக்காரர்களும் இதைத் தூக்கம் என்றுதான் சொல்கிறார்கள். தூங்கும் யோயோவை எப்படி எழுப்புவது என்பதில்தான் இந்த விளையாட்டின் அறிவியல் முழுவதும் இருக்கிறது.

ஒரு மாட்டை முளைக்குச்சியில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைக் குச்சியில் இறுக்கி முடிந்துவிட்டால், மாடு சுற்றச் சுற்றக் கயிறு குச்சியில் சுற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மாடு குச்சிக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். கயிற்றை முடியாமல், தளர்ந்த வளையமாகப் போட்டால்? மாடு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வளையம் வழுக்கிக்கொண்டே போகும். கயிறு சுருங்காது.

யோயோவும் இந்த இரண்டு வகைதான். இரண்டு வட்டுகள், நடுவில் அவற்றை இணைக்கும் அச்சு. நூலை அச்சில் முடிந்திருந்தால், யோயோ அடிக்குப் போனதும் நிற்காது. அதே திசையில் தொடர்ந்து சுழலும்போது நூல் மறுபடி அச்சில் சுற்றிக்கொள்ள, யோயோ தானே மேலே ஏறும். அதற்குத் தூங்கவே தெரியாது. நூலை அச்சைச் சுற்றி வளையமாகப் போட்டிருந்தால், யோயோ அடியில் நின்று தூங்கும். நாம் வெடுக்கென்று இழுக்கும்போது யோயோ ஒரு துளி மேலே எழும்புகிறது. அந்தக் கண்ணிமைக்கும் நேரம் நூல் தொய்கிறது. தொய்ந்த நூல் வட்டின் உட்பக்கச் சுவரில் உரசுகிறது. சுழலும் சுவர் அதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. முதல் சுற்று மாட்டிக்கொண்டால் போதும், மீதி தானே நடக்கும்.

ஆக, யோயோவை எழுப்புவது உராய்வு.

என் கருநீல யோயோவில் அச்சைச் சுற்றி ஒரு பேரிங் இருந்தது. சைக்கிள் கடையில் பால்ரஸ் என்பார்களே, அதன் குட்டித் தம்பி. உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. போதாததற்கு இரண்டு வட்டுகளுக்கும் நடுவே அகலமான இடைவெளி. தொய்ந்த நூல் சுவரைத் தொடவே தொடாது. இது போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கான யோயோ. நூலைப் பின்னிப் பின்னி நிமிடக்கணக்கில் வித்தை காட்ட அவர்களுக்கு நீண்ட தூக்கம் வேண்டும். திருப்பி அழைக்க, நூலை மடித்து அந்த இடைவெளிக்குள் ஊட்டுவதற்குத் தனியாக ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. முதன்முதலாக யோயோ பிடிக்கும் பிள்ளைக்கும், பிள்ளையிடம் பீற்றிக்கொள்ளும் அப்பாவுக்கும் விலை கூடிய யோயோதான் மிக மோசமான யோயோ.

அன்று காலையில்தான் கொடைக்கானல் சூரிய வானாய்வகத்துக்குப் போயிருந்தோம். 1899இல் தொடங்கிய இடம். 1904 முதல் அங்கே சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துவருகிறார்கள். அடுத்தடுத்த நாள் படங்களை வரிசையாகப் பார்த்தால் சூரியனின் கரும்புள்ளிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்வது தெரியும். சூரியன் சுழல்வதற்கு அதுவே சாட்சி. நடுக்கோட்டில் ஒரு சுற்றுக்குச் சுமார் 25 நாள். துருவப் பக்கம் போனால் 30 நாளுக்கும் மேல். அது யோயோவைப் போலக் கெட்டியான பொருள் இல்லை, வாயுக் கோளம். அதனால்தான் இடத்துக்கு இடம் வேகம் மாறுகிறது.

"சூரியனை யாருப்பா சுண்டிவிட்டது?" என்று மகன் கேட்டான். யாரும் சுண்டவில்லை, மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்த பெரிய வாயு மேகம் சுருங்கிச் சுருங்கி வேகம் பிடித்தது என்று சொன்னேன். சுமார் 460 கோடி ஆண்டுகளாகச் சுழல்கிறது. எதிலும் உரசாமல் வெட்டவெளியில் தொங்குவதால் அதன் வேகம் மிக மிக மெல்லத்தான் குறைகிறது. யோயோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு பக்கம் நூல் உரசுகிறது, இன்னொரு பக்கம் காற்று.

மறுநாள் பெருமாள்மலை வழியாகப் பழனிக்குப் பேருந்தில் இறங்கினோம். 60 சொச்சம் கிலோமீட்டர், எல்லாம் வளைவு. வடகவுஞ்சி, சவரிக்காடு தாண்டும்போது வண்டிக்குள் லேசாக ஒரு தீய்ந்த வாடை வந்தது. பிரேக் சூடேறிய வாடை. உராய்ந்தால் சூடு வரும். கொடைக்கானல் குளிரில் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொள்வோமே, அதேதான். மலை இறங்கும் ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பாமல் சிறிய கியரிலேயே வண்டியை இறக்குவதற்கும் இதுவே காரணம். மரத்தாலான அச்சில் நூல் வளையமாகச் சுழலும் யோயோவிலும் இந்தச் சூடு உண்டு. அதனால் அந்த வகைக்குப் பருத்தி நூல்தான் போடவேண்டும். பாலியெஸ்டர் நூல் சூட்டில் உருகி அறுந்துவிடலாம்.

பழனி அடிவாரத்தில் பொம்மைக் கடைகளுக்குப் பஞ்சமா? பஞ்சாமிர்தக் கடை இரண்டு, பொம்மைக் கடை ஒன்று என்று வரிசை போகும். ஒரு கடையில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்ன வேணும் கண்ணு?" என்று கேட்டதும் மகன் யோயோ என்றான். அவர் முதலில் எடுத்துக் கொடுத்தது, ஜிகினாத் தாள் சுற்றி ரப்பர் கயிறு கட்டிய மரத்தூள் பந்து. திருவிழாவில் எல்லாரும் வாங்கியிருப்பீர்கள். அதுவும் கைக்குத் திரும்பி வரும்தான். ஆனால் அதைத் திருப்பிக் கொண்டுவருவது இழுபட்ட ரப்பர். சுழற்சிக்கு அதில் வேலை இல்லை. "இது யோயோ இல்லீங்கம்மா" என்றேன். "திரும்பி வந்தாப் போதாதா?" என்றார். நியாயமான கேள்வி.

அடுத்து, விளக்கு எரியும் பிளாஸ்டிக் யோயோ. மகனின் கண்ணும் கூடவே எரிந்தது. கையில் வாங்கிக் குலுக்கினேன், கடகடவென்றது. இரண்டு வட்டுகளும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. இப்படி இருந்தால் சுழலும்போது யோயோ ஒரு பக்கமாகச் சாயும், நூல் சுவரில் உரசும், பாதியிலேயே நின்றுபோகும். தவிர, அது முறுக்குத்துண்டுபோல எடையே இல்லாமல் இருந்தது. எடை குறைந்த யோயோ சுழற்சியைச் சேமித்து வைக்காது. மகன் முகம் தொங்கிப்போயிற்று. விளக்குக்கு அறிவியலில் இடமில்லை என்று ஏழு வயதுக்காரனிடம் சொல்வது எவ்வளவு கடினம் என்பது அப்பாக்களுக்குத்தான் தெரியும்.

மூலையில் ஒரு கூடையில் மர யோயோக்கள் கிடந்தன. சிவப்பும் மஞ்சளுமாக வளையம் போட்டு, தொட்டால் வழுவழுவென்று. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் செய்கிறார்களே, அந்தக் கடைசல் வேலை. நம் அம்பாசமுத்திரம் செப்புச் சாமான்களும் இதே வழிதான். அந்த நிறம் எப்படி ஏறுகிறது தெரியுமா? தூரிகை கிடையாது. கடைசல் இயந்திரத்தில் மரம் சுழன்றுகொண்டிருக்கும்போது, நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சுழன்று பிறந்த பொம்மைதான் யோயோ. அதற்குச் சட்டை மாட்டியதும் உராய்வுதான்.

மர யோயோவில் நூல் அச்சோடு முடிந்திருந்தது. உள்ளங்கை கீழே பார்க்கும்படி பிடித்து, வீசாமல் சும்மா விட்டுப் பார்த்தேன். இறங்கியது, ஏறியது. ஆனால் கை வரைக்கும் வரவில்லை, ஒரு சாண் கீழேயே நின்று மறுபடி இறங்கியது. காற்றும் நூலும் வழியில் கொஞ்சம் வரி பிடித்துக்கொள்கின்றன. அந்த இழப்பை ஈடுகட்டத்தான், யோயோ அடியைத் தொடும் நேரம் பார்த்துக் கையை லேசாக மேலே தூக்கவேண்டும். மகனுக்கு நாலாவது தடவையிலேயே அந்த நேரம் பிடிபட்டது. கடைக்கார அம்மா கைதட்டினார். அவனுக்கு அதை வாங்கினேன். எனக்கு ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் யோயோ: நூல் வளையமாகப் போட்டது, இடைவெளி குறுகலானது, கொஞ்ச நேரம் தூங்கும், இழுத்தால் எழுந்து வரும். இரண்டும் சேர்ந்து என் கருநீலத்தின் விலையில் பாதிகூட இல்லை.

தானே திரும்பி வரும் யோயோ என்று இன்னொன்று உண்டு. உள்ளே சின்ன எடைகளும் சுருள்வில்லும் இருக்கும். வேகமாகச் சுழலும்போது எடைகள் வெளிப்பக்கம் ஒதுங்கி அச்சை விட்டுவிடும், யோயோ தூங்கும். வேகம் குறைந்ததும் சுருள்வில் அச்சைக் கவ்விப் பிடிக்கும், யோயோ ஏறிவரும். 1980களில் அமெரிக்காவில் இதை "மூளையுள்ள யோயோ" என்று விளம்பரப்படுத்தினார்கள். பொறுமை இல்லாத பெற்றோருக்கு ஏற்றது. எனக்கென்னவோ, மூளையைப் பிள்ளை வைத்துக்கொண்டு யோயோவை மக்காகவே விட்டுவிடலாம் என்று படுகிறது.

வீட்டுக்கு வந்து முதல் வேலை, கத்தரிக்கோல் எடுத்தது. யோயோவைத் தரையில் வைத்து நூலை நேராக மேலே தூக்குங்கள். ஆடுகிறவரின் தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே வெட்டி, அங்கே விரலுக்கான சுருக்குப் போடவேண்டும். மகனுக்கு 75 சென்டிமீட்டர் வந்தது. எனக்கு 1 மீட்டருக்கும் மேல். என் யோயோவை அவன் வாங்கி ஆடினால் அது தரையில் மோதும். அவனுடையதை நான் ஆடினால் இறங்கி வேகம் பிடிக்கும் முன்பே நூல் தீர்ந்துவிடும். ஒரே யோயோவை அப்பாவும் பிள்ளையும் மாற்றி மாற்றி ஆடலாம் என்று நினைக்கும் வீடுகளில் சண்டை வருவது இதனால்தான். சுருக்கை நடுவிரலின் முதல் கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் நடுவே மாட்டுங்கள். விரல் சிவந்து கன்றினால் உடனே கழற்றிவிடுங்கள். தம்பி தங்கைகள் பக்கத்தில் நிற்கும்போதும், டியூப்லைட்டுக்குக் கீழேயும் வேண்டாம். இது அனுபவம், மேற்கொண்டு கேட்காதீர்கள்.

இனி ஒரு கணக்கு. அவனுடைய யோயோ 5.6 சென்டிமீட்டர் அகலம். நூல் சுற்றிய அச்சு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். அச்சை ஒரு சுற்றுச் சுற்ற 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான நூல் செலவாகும். அப்படியானால் 75 சென்டிமீட்டர் நூலில் சுமார் 24 சுற்று. யோயோவையும் ஒரு கூழாங்கல்லையும் ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விட்டுப் பாருங்கள். கல் அரை விநாடிக்குள் தரையில் இருக்கும். யோயோ ஒன்றரை விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், ஏறக்குறைய நாலு மடங்கு. ஏன் இந்தத் தாமதம்?

உயரத்தில் இருக்கும் பொருளுக்கு நிலை ஆற்றல் உண்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். கல் அதை முழுக்க இறங்குவதற்கே செலவழிக்கிறது. யோயோவுக்கு இரண்டு செலவு, இறங்கவும் வேண்டும், சுழலவும் வேண்டும். இந்த அளவுள்ள யோயோவிடம் 17 ரூபாய் இருந்தால், சுமார் 16 ரூபாய் சுழற்சிக்குப் போய்விடும், இறங்குவதற்கு மிஞ்சுவது 1 ரூபாய்தான். அந்த 16 ரூபாய் வீணாகவில்லை. அடியில் நூல் தீரும்போது, வீசாமல் சும்மா விட்ட யோயோகூட விநாடிக்குச் சுமார் 30 சுற்றுச் சுழல்கிறது. முழு வேகத்தில் ஓடும் மின்விசிறியைப்போல நாலைந்து மடங்கு. (கொடைக்கானல் வாசகர்கள் மன்னிக்கவும், உங்கள் வீட்டில் மின்விசிறி இருக்காது. பழனியில் இருக்கும் சித்தப்பா வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.) திரும்பி மேலே ஏறுவதற்கான காசு அந்தச் சுழற்சியில்தான் சேர்ந்திருக்கிறது.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு ஊறுகாய் பாட்டில் மூடிகளை முதுகோடு முதுகாக வைத்து, நடுவே காலியான சின்ன நூல்கண்டு ஒன்றை ஒட்டி, நூலை அதில் முடிந்துவிடுங்கள். முதலில் களிமண்ணை மூடிகளுக்குள் நட்ட நடுவில் அப்பி விட்டுப் பாருங்கள். பிறகு அதே களிமண்ணை எடுத்து விளிம்பை ஒட்டி வளையல்போல அப்புங்கள். எடை மாறவில்லை. ஆனால் இரண்டாவது முறை இன்னும் மெதுவாக இறங்கும், சுழற்சியும் எளிதில் அடங்காது. மேல்வகுப்பில் இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று வாய் நிறையும் பெயர் வரும்போது, ஊறுகாய் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல யோயோக்களில் விளிம்பு தடித்திருப்பதும் இதற்காகவே.

யோயோ என்ற பெயர் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்தது. அங்கிருந்து அமெரிக்கா போன பெட்ரோ ஃப்ளோரஸ் 1928இல் கலிஃபோர்னியாவில் யோயோ செய்யும் தொழிலைத் தொடங்கினார். நூலை முடியாமல் வளையமாகப் போடும் தன் நாட்டு வழக்கத்தைக் கூடவே கொண்டுபோனார். அதனால்தான் அமெரிக்க யோயோ தூங்கக் கற்றுக்கொண்டது. பொம்மை அதைவிடப் பழையது. சுமார் 2500 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கக் கிண்ணம் ஒன்றில் ஒரு பையன் யோயோ ஆடுகிறான். நம் நாட்டிலும், 1770 வாக்கில் ராஜஸ்தானத்தின் பூந்தி அல்லது கோட்டா பகுதியில் தீட்டிய ஓவியம் ஒன்றில் ஒரு பெண் யோயோவோடு நிற்கிறாள். வடநாட்டில் அதற்குச் சக்ரி என்று பெயர்.

1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடத்தில் யோயோவும் பயணம் செய்தது. விண்வெளி வீரர் டேவிட் கிரிக்ஸ் அதை ஆட்டிப் பார்த்தார். போனது, வந்தது. ஆனால் தூங்கவே இல்லை! தூங்க வேண்டுமானால் யோயோவின் எடை நூலைக் கீழ்நோக்கி இழுத்து விறைப்பாக வைத்திருக்க வேண்டும். எடையில்லா நிலையில் இழுக்க ஆளில்லை. நூல் தொய்ந்து, உடனே சுவரில் மாட்டி, யோயோ திரும்பி வந்துவிடுகிறது. என் கருநீலத்தை அங்கே அனுப்பியிருக்கலாம்.

மழை பெய்து வெளியே போக முடியாத ஒரு நாள், மகனுக்குச் சோடா மூடியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்துக் கொடுத்தேன். விளிம்பு கூர்மையாக இருக்கும் என்பதால் பழைய சட்டையின் பெரிய பொத்தான் இன்னும் நல்லது. இரண்டு கையாலும் இழுத்து இழுத்து விட்டால் விர்ர்ரென்று சுழலுமே, அது. இந்தப் பொம்மைக்கு ஒரு பெருமை உண்டு. ரத்தத்தைச் சோதிக்க, அதை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் வேண்டும். மின்சாரம் இல்லாத ஊர்களுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சாத் பாம்லா முதலியோர் யோசித்தார்கள். சுழலும் பழைய பொம்மைகளை ஆராய்ந்தார்கள். அந்தப் பட்டியலில் யோயோவும் இருந்தது. ஓர் இரவு பாம்லா, பொத்தானில் நூல் கோத்துச் சுழற்றி, அதிவேகக் கேமராவில் படமெடுத்தார். நிமிடத்துக்கு 10,000 சுற்றைத் தாண்டியிருந்தது! அதிலிருந்து காகித வட்டில் அவர்கள் செய்த கருவி 2017இல் வெளியானது. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று, ஒன்றரை நிமிடத்தில் ரத்தம் பிரியும், செய்ய ஆன செலவு 20 அமெரிக்க சென்ட். பரீட்சையில் யோயோ தோற்றது, பொத்தான் ஜெயித்தது.

மகனிடம் இதைச் சொன்னபோது அவன் யோயோவுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டான். பிறகு பொத்தானை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி மர யோயோவையே எடுத்துக்கொண்டான்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. யோயோ நூல் முறுக்கேறி அடிக்கடி நையும்; மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மாற்றும்போதெல்லாம் அவனைச் சுவரோரம் நிறுத்தி, தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே அளந்துதான் வெட்டுகிறேன். நைந்த நூல்களை அவன் அம்மா தூக்கிப்போடாமல் காலண்டர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். நேற்று ஐந்தாவது நூலை மாட்டும்போது ஐந்தையும் சேர்த்துத் தொங்கவிட்டுப் பார்த்தோம். முதல் நூலைவிடக் கடைசி நூல் ஐந்து விரல் நீளம் கூடியிருந்தது.